யாரும் எடுக்க வராத மாலை

ஞாயிறு இதழ் ஆசிரியர் காலையில் கூப்பிட்டு, “அம்மா, இந்த வாரக் கதைக்குப் பெண்கள் முன்னேற்றம்தான் தலைப்பு” என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குத் தலைப்பு கொடுத்தால்தான் எழுத வரும் என்று அவருக்கு நினைப்பு.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கு மல்லிகை வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு ஜோடி கல்யாண மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு தம்பி?”

“நேத்தே வந்து எடுக்க வேண்டியது ஆன்டி. போன் போட்டாலும் பதில் இல்ல.”

“அப்புறம் எதுக்குத் தண்ணி?”

“இன்னிக்கு வந்துட்டா? வாடின மாலைய எப்படி லா கொடுக்கறது.”

அங்கேயே நின்று ஆசிரியரை அழைத்து, என் கதை இதுதான் என்று சொன்னேன். தலைப்பை மறந்துவிட்டு, “அப்புறம் வந்தாங்களாம்மா?” என்றார்.

“ஞாயித்துக்கிழமை படிச்சுக்குங்க சார்.”

அந்த ஜோடி யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அந்தக் கடைக்காரரிடமே முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது.