பர்மா உளுந்தும் ஒரு நாற்காலியும்

அந்த வருஷம் பர்மா உளுந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சம்பா அறுத்த வயலின் மிச்ச ஈரத்தை நம்பி நாங்கள் விளைவித்த உளுந்தைச் சீண்ட ஆளில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்து டவுனில் விவசாயிகள் ஊர்வலம் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"அந்நியச் சரக்கே வெளியேறு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். பர்மா மூட்டைகள் எல்லாக் கடைகளிலும் இருந்தன. கூட்டம் ஒரேயொரு கடை முன்னால்தான் நின்றது. தெருவில் இருந்த ஒரே முஸ்லிம் கடை அது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனின் கடை.

பின்னாலிருந்து எவனோ கோஷத்தை மாற்றினான். "அந்நியனே வெளியேறு!" என் வாயும் அதையே திருப்பிச் சொன்னது. நண்பன் வாசலுக்கு வந்தான். அத்தனை பேரில் என்னை மட்டும் பார்த்தான். அவனுடைய பாட்டன், பூட்டனெல்லாம் அடங்கியிருப்பது அந்த ஊர் மண்ணில்தான்.

மறு பங்குனியில் வேறு வழியில்லாமல் என் உளுந்தோடு அவனிடமே போனேன். எப்போதும் கல்லாவைத் தாண்டி உள்ளே போய், மூட்டைமேல் அவனோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வேன். அவன் டீயில் பாதி எனக்கு. அன்று நான் படியேறுவதற்குள் அவனே ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் போட்டான்.

"உக்காருங்க. சரக்கு நல்லா வெளைஞ்சிருக்கு, எல்லாத்தையும் எறக்கிடலாம்."

இரண்டு டீ வந்தது. அவன் உள்ளே நின்று குடித்தான். நான் வெளியே உட்கார்ந்து குடித்தேன்.