பட்டன் மேல் வைத்த பொட்டு

பத்தாவதோடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

நாங்கள் சிமெண்ட் ஆலைக்குப் பேர்போன மதுக்கரையில் இருக்கிறோம். ஆயுத பூஜையன்று அரிவாள்மணை, கிரைண்டர், வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மகளின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு, ஆன் செய்யும் பட்டன் மேலேயே குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன்.

விஜயதசமியன்று மகள் பட்டனை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, சில நொடிகளில் அணைந்துவிட்டது. ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதைதான். மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருந்தது. அவள் அழுதேவிட்டாள்.

“அழுகாத கண்ணு, ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்” என்று என் கணவர் பெட்டியைத் தூக்கப் போனார்.

“இருங்கப்பா, பட்டன் அமுங்குனபடியே கெடக்குது! அதான் அணைஞ்சு அணைஞ்சு போகுது” என்றாள் மகள்.

நகத்தால் சுரண்டினாள். இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்த சந்தனம் உதிர்ந்தது. பட்டன் ‘டக்’கென்று மேலே வந்தது, மறுபடி அமுக்கியதும் கம்ப்யூட்டரும் உயிர்பெற்றது.

“ஏம்மா, பொட்டு வெச்சீங்களா, செவுத்துக்குப் பூசுனீங்களா?”

“நம்மூரு சிமெண்டுகூட இப்படிப் புடிக்காது அம்மணி!” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் கணவர். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் மகள் புராஜெக்டைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மகள் புராஜெக்டைக் கொடுத்துவிட்டு வந்தாள்.