பூமலையில் முத்தாயி சொன்ன பதில்

முத்தாயிக்கு வயிற்றில் பிறந்த பிள்ளை கிடையாது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியிருந்தபோது, பசியில் ஒட்டிப்போன ஒரு சீனப்பெண் தன் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அந்தக் குழந்தைக்குக் காது குத்தி, கண்மணி என்று பெயரிட்டு வளர்த்தாள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த பிறகு, சிராங்கூன் சாலையில் பூக்கட்டிப் பிழைத்ததும் அந்த ஒரு முகத்துக்காகத்தான். அக்கம்பக்கத்தில் யாராவது கேலி செய்தால், "என் வயித்துல பொறந்தவடா!" என்று மல்லுக்கு நிற்பாள். அந்தத் தெம்பில்தான் கண்மணி வளர்ந்தாள்.

ஆனால் முத்தாயியை ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. தத்தெடுத்ததற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அரசாங்க ஆள் எவனாவது வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்?

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, பூமலைத் தோட்டத்தில் பல இனத்தாரின் இசைவிழா. ஒரு பக்கம் நாகஸ்வரம், மறுபக்கம் சீன மத்தளம், நடுவே புல்தரையில் கைவினைக் கடைகள். மலாய்க்காரரின் பாத்தேக் துணிக் கடைக்கும் சீனரின் காகித விளக்குக் கடைக்கும் இடையில் தாயும் மகளும் பூக்கட்ட உட்கார்ந்தார்கள். பாவாடை தாவணியில் ஒரு சீன முகம் மல்லிகை தொடுப்பதைப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது.

"வெளக்குக் கடை அந்தப் பக்கம் தங்கச்சி, வழி தப்பி வந்துட்டியா?" என்றான் ஒருவன்.

"உங்க கண்ணுதாண்ணே வழி தப்பிடுச்சு. பூ வாங்குறீங்களா, போறீங்களா?" என்றாள் கண்மணி.

கூட்டம் சிரித்தது. முத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் வந்து குனிந்தார். விழாக்குழுவைச் சேர்ந்த பாலகிருஷ்ணன் அவர். முத்தாயியின் கண்ணுக்கோ அரசாங்க ஆளாகவே தெரிந்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? உங்க மகளா?"

முத்தாயியின் கையில் நார் அறுந்தது. "ஐயோ, இல்லீங்க ஐயா! கூலிக்குப் பூக்கட்ட வந்த பொண்ணு. யாரு பெத்ததோ, எனக்குத் தெரியாதுங்க!"

"அப்படியா? தாயும் மகளும்னா மேடைக்குக் கூட்டிட்டுப் போய் பாடுறவங்களுக்கு மாலை போடச் சொல்லலாம்னு பார்த்தேன் லா," என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார்.

முத்தாயி பதறித் திரும்பினாள். கண்மணி தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் பூவை முடிந்துகொண்டிருந்தன.

"கண்ணு, பயத்துல சொல்லிட்டேன்டி! உன்னைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு..."

கட்டி முடித்த சரத்தைக் கண்மணி வாழையிலையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"அடுத்து என்ன கட்டணும், அக்கா?"

அக்கா! பதினாறு வருஷம் 'அம்மா' என்று அழைத்த வாய்! முத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மேடையில் யாரோ பாடி முடிக்க, தோட்டமே கைதட்டியது.

வந்தவர்களுக்குக் கண்மணியே பூவை முழம் போட்டுக் கொடுத்தாள். கிடைத்த காசையெல்லாம், முதலாளி முன் கூலிக்காரி வைப்பதுபோல, முத்தாயியின் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தாள்.