பேனரைப் பார்த்து வந்த முதல் ஆர்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, மலேசியாவின் கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பது என் தொழில். அந்த வருடம் பெரிய ஆளாகிவிட வேண்டும் என்ற ஆசையில் ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். ஆரம்பித்து என்ன? என் தங்கையும் என் வீட்டுக்காரரும்தான் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தார்கள். ஒரு பாக்கெட்கூட விற்கவில்லை. நான் புலம்பித் தீர்த்ததைத் தாங்க முடியாமல் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்.

"வெப்சைட் இருக்குன்னு ரோட்டுல போறவனுக்கு எப்படிலா தெரியும்? பேனர் கட்டு."

பேனருக்கு ஒரு நல்ல படம் வேண்டுமே! அது என் கையிலேயே இருந்தது. என்னோடு முறுக்கு பிழிய ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகும் மகளோடு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் நான் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். டக்கென்று போனில் எடுத்துவிட்டேன். இணையதளத்தில் போடட்டுமா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தாள். "வெப்சைட்ட யாருக்கா போய்ப் பாக்கப் போறா? போட்டுக்குங்க" என்றாள். என் வியாபாரத்தைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, செல்லமாக அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

அந்தப் படத்தையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே இணையதள முகவரியைக் கொட்டை எழுத்தில் போட்டு, நான்கு பேனர் அடித்தோம். கோல சிலாங்கூரில் ஒரு காய்கறிக் கடை முன்னால் ஒன்று. மின்மினி பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கம்போங் குவாந்தான் போகும் வழியில் ஒன்று. பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒன்று. தங்கை இருக்கிறாளே என்று பத்தாங் காலி வரைக்கும் போய் அங்கே ஒன்று. கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கடைக்காரரிடமும் முறையாக அனுமதி கேட்டேன். கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே என்னை இரண்டு தடவை அலைய வைத்துத்தான் சரி என்றார். அலைந்தேன். அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

எங்கள் இணையதளத்தில் ஆர்டர் செய்யும்போது ஒரு கேள்வி வரும்: "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" பேனர் கட்டிய மூன்றாம் நாள், வியாழக்கிழமை, முப்பது பாக்கெட் முறுக்குக்கு ஓர் ஆர்டர் வந்தது. அந்தக் கேள்விக்கு நேராக ஒரே வார்த்தை: "பேனர்." நான் குசினியிலேயே அடுப்புக்கு முன்னால் குதித்தேன். ஒரு பெண்ணின் பெயரில் வந்த ஆர்டர். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. பேனரில் இருக்கும் அக்கா கையால் செய்ததுதான் வேண்டும், அவரிடமே நேரில் வாங்கிக்கொள்கிறேன், எப்போது இருப்பார் என்று. இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், அவர் இங்கேதான் இருப்பார் என்று, வீட்டு முகவரியோடு இரண்டு சிரிக்கும் பொம்மைகளையும் சேர்த்து அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்து அறைக்காரி பேனரைப் போனில் படம் எடுத்து வந்து காட்டியிருக்கிறாள்.

"அக்கா, என் படத்த ரோட்டுல கட்டியிருக்கீங்களா?"

"ஆமாலா, நாலு இடத்துல! இனிமே நீதான் எங்க ஸ்டார்."

"பத்தாங் காலி பக்கமும் கட்டிட்டீங்களா?"

"அங்கயும்தான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே வரிசையாகத் தீக்காயத் தழும்புகள். பத்தாங் காலிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, புருஷனுக்குத் தெரியாமல், எட்டு மாதங்களுக்கு முன்பு மகளோடு ஓடி வந்தவள். அவன் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்.

"கண்டுபுடிச்சா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காருக்கா. வெப்சைட்டெல்லாம் அவரு பாக்க மாட்டாரு. ரோட்டத்தான் பாப்பாரு."

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பயப்படாதே, உன்னைப் பாராட்டி ஒருவர் எழுதியிருக்கிறார் பார் என்று ஆர்டரைத் திறந்து போனை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இது என் மாமியா பேரு. நம்பர் அவரோடதுக்கா."

அட பாவி, நானே நேரம் குறித்து, முகவரி கொடுத்து, சிரித்தும் அனுப்பியிருக்கிறேனே! மணி ஒன்பது ஆக ஐந்து நிமிடம் இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு பேரையும் வேனில் ஏற்றிப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார். ஆர்டர் ரத்து என்று அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் பார்க்கவே இல்லை. நானும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் ஆளில்லாத வீட்டைக் கண்டால் அவன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பான், அவள் அறை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அதனால் இருந்தேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வளர்ந்த மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். முரடனாக ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். இவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றான். "முறுக்கு எடுக்க வந்தேங்கா" என்றான், அத்தனை மரியாதையாக.

முறுக்கு இருக்கிறது, அந்தப் பெண் இங்கே இல்லை, அது இன்டர்நெட்டில் எடுத்த படம், யார் என்றே தெரியாது என்று ஒரே மூச்சில் புளுகினேன். அவன் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்து விரித்தான். எங்கள் பேனர். கழுத்தோடு சேர்த்து, கத்தியால் சுத்தமாக அறுத்தெடுத்த அவள் முகம். சிரித்துக்கொண்டிருந்தது.

"அப்படியாக்கா? இந்தக் காதுல இருக்கற தோடு நான் வாங்கிக் குடுத்தது."

மலாய் அம்மா எழுந்து, உனக்கு என்ன வேண்டும் என்று அதட்டினார். மகன்களும் எழுந்தார்கள். அவன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, அதற்குள் போலீஸ் வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். பலகாரம் போட்டுக்கொள்ள அவன் கொண்டுவந்த பை என் வாசலிலேயே கிடந்தது. அதற்குள் ஒரு கத்தி இருந்தது.

அன்று சாயந்திரமே பேனர்களைக் கழற்றப் போனோம். பத்தாங் காலியில் முகம் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை, கீழே என் இணையதள முகவரி அப்படியே பளபளவென்று இருந்தது. கடை வாசல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

அவளும் மகளும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஒரு தடவை மட்டும் போன் செய்தாள். "நீங்க நல்லதுக்குத்தானேக்கா செஞ்சீங்க" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும்.

இணையதளம் இன்றும் நடக்கிறது. அதில் முறுக்குப் படம் மட்டும்தான். அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டேன். நான்கு கடைக்காரர்களிடம் அலைந்து திரிந்து சுவருக்கு அனுமதி கேட்ட நான், என் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவு பிசைந்தவளிடம் அவள் முகத்தை ரோட்டில் கட்டலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே.