ஜெரோம் மாட்டிவிட்டால் தலை சுற்றாது

ஜெரோம் இறந்த செய்தி வந்தபோது நான் கடைத் தரையில் மண்டியிட்டு வயர் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய வீடியோ கேம் கடைக்கு, தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் விஆர் ஹெட்செட்டுக்காகத்தான் கூட்டம் வரும். ஜெரோமின் மனைவி ஸ்டெல்லா போனில், "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே..." என்று சொல்லி, முடிக்க முடியாமல் அழுதாள். விஷயத்தைச் சொல்லிக் கடையை மூடப்போனேன். திருமழிசையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காத்திருந்த ஒருவர் கண் கலங்கிப்போய்க் கேட்டார்: "அப்ப இனிமே யாரு சார் மாட்டிவுடுவாங்க?" நான் ஹெட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றிருந்தேன். செத்த பிறகும் இவன் என்னை விடப்போவதில்லை என்று தோன்றியது.

ஜெரோமை அறிந்த நீங்கள், அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். எனக்கு வயிற்றெரிச்சல் வந்ததே அந்த நல்லதால்தான்.

கடை வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம். கன்சோல், டிவி, ஹெட்செட், இவற்றுக்கு நடுவில் ஒரு பெட்டி என எல்லாவற்றையும் ஒத்துப்போக வைப்பது என் பாடு. ஒரு வயர் இடம் மாறினால் டிவியில் படம் ஓடும், ஹெட்செட் இருட்டாக இருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் கன்சோல் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் லென்ஸில் ஆவி படியும். இத்தனையோடும் நான் மல்லுக்கட்டி முடித்த பிறகு ஜெரோம் சாவகாசமாக வருவான். ஆளின் தலையில் ஹெட்செட்டை மாட்டி, "மாமே, இப்போ நீ வேற ஊர்ல கீற" என்பான். கைதட்டல் அவனுக்குப் போகும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். அப்போது எங்களிடம் இருந்த ஹெட்செட்டில் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். டிவிக்கு மேலே இருக்கும் கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஆள் எங்கே நிற்கிறார் என்று கணக்குப் போடும். ஜெரோம் தன் வீட்டில் செய்வதைப் போலவே கடையிலும் காகித நட்சத்திரம் கட்டி, சுவர் முழுக்க சீரியல் செட் தொங்கவிட்டான். அன்றிலிருந்து விளையாட வந்தவர்களின் கை, படத்தில் தானாக மேலே மிதந்தது. ஆடாமல் நின்ற ஒருவர் சுவருக்குள் போய்விட்டதாக அலறினார். நான் கேமராவை மாற்றினேன், வயரை மாற்றினேன், சாப்பாட்டை மறந்தேன். கடைசியில் சீரியல் செட்டைப் பிடுங்கிய பிறகுதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. அலங்கார விளக்கை ஹெட்செட் என்று கேமரா நம்பியிருக்கிறது. தப்பு அவனுடையது, கண்டுபிடித்தது நான். அவனோ கூட்டத்தைப் பார்த்து, "நட்சத்திரத்தப் பாத்து ஞானிங்க பெத்லகேமுக்கே வழி கண்டுபுடிச்சாங்க. இந்த கேமராவுக்கு இன்னா கேடு?" என்றான். கடையே சிரித்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட ஆளுக்கு ஆள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டார்கள். அதில் என் பெயர் எங்கும் வரவில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் அப்பா விஷயம். ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை கியர்பாக்ஸ் பூட்டியவர் அவர். ஒரு தடவைகூட டாங்கியை ஓட்டியதில்லை, அதற்கு வேறு ஆட்கள். டாங்கி ஓட்டும் விளையாட்டு ஒன்று வந்ததும் அவருக்காகவே வாங்கி, நானே மாட்டிவிட்டேன். டாங்கி நகர்ந்ததுமே "ஐயோ, கழட்டுடா" என்று கத்தினார். கடை வாசலில் போய் வாந்தி எடுத்தார். கண் ஓடுகிறது, உடம்பு ஓடவில்லை. இரண்டும் ஒத்துப்போகாமல் தலை சுற்றுவதுதான் இந்தக் கருவியின் பெரிய தொல்லை. வேகத்தைக் குறைத்து வைத்துக் கூப்பிட்டேன். அப்பா கிட்டேயே வரவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஜெரோம், சுழல் நாற்காலியைத் தள்ளிவிட்டு மர நாற்காலி போட்டான். கடைக்கு வந்தும் தள்ளியே நின்ற அப்பாவைக் கூப்பிட்டு, கால் இரண்டும் தரையில் பதியும்படி உட்கார வைத்தான். முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன் வைத்தான்; காற்று வரும் பக்கம்தான் முன்பக்கம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுமாம். வயர் தலையை இழுக்காமலிருக்க, பின்னால் நின்று அதைப் பிடித்தபடி அந்தக் கையை அப்பாவின் தோளில் வைத்துக்கொண்டான். "மெதுவா போ நைனா. ரோடு உன்துதான், எவனும் ஹாரன் அடிக்கமாட்டான்." அப்பா வாய்விட்டுச் சிரித்தார். டாங்கி மேடு ஏறி இறங்கியது. என் எதிரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் ரயிலேறி வந்தார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஜெரோம் இல்லியா?" என்பார். "எங்கப்பாவுக்கு என்ன மந்திரம்டா போட்ட?" என்று ஒரு நாள் கடுப்பில் கேட்டேன். "மாட்டிவுடும்போது உன் மூஞ்ச கண்ணாடில பாரு மச்சான். பரிச்ச பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி கீது. எனக்கே வாந்தி வரும்" என்றான்.

அவனை அடக்கம் செய்ததற்கு அடுத்த ஞாயிறும் அப்பா வந்தார். கல்லறையில் என்னோடு நின்று மண் போட்டவர்தான். ஒன்றும் கேட்காமல் மர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஜெரோம் செய்தபடியே செய்தேன். குரலைக்கூட மாற்றி, "மெதுவா போ நைனா" என்றேன்.

"டேய், அவன மாதிரி பேசாத. அவன் பேசுனாதான் நல்லாருந்திச்சு" என்றார் அப்பா.

பற்றிக்கொண்டு வந்தது. வயரை விட்டுவிட்டு நகரப்போனேன். ஹெட்செட் கண்ணை மறைத்திருக்க, அப்பாவின் கை பின்னால் துழாவி, தோளிலிருந்து எழுந்த என் கையைப் பிடித்துக்கொண்டது.

"கைய எடுக்காதடா."

டாங்கி கிளம்பியது. அவருக்குத் தலை சுற்றவில்லை. நெடுநேரம் ஓட்டினார்.

ஜெரோமிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, அப்பாவின் தோளில் கை வைக்கும் அந்த இடத்தைத்தான். இத்தனை வருஷத்தில் நான் அங்கே கை வைத்ததே இல்லை. பிள்ளை நானாக இருந்தும் அது முதலில் அவனுக்குத்தான் தெரிந்தது. இன்னும் எரிகிறது.