மாத்திரைக்காக மலையேறியவனும் ஏலக்காய் மணத்த பியானோவும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். மதுரையில் தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் நண்பன் ஸ்டீபன், "போடிக்கு மேல ஏல எஸ்டேட் கிளப்புல ஊமைப்படம் போடுறாங்கடா. கூடவே நான் வாசிக்கணும், நீயும் வா" என்றான். அது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆவல். அவனுக்கோ எஸ்டேட் நர்ஸ் லீலாவைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக ஏதாவது சாக்கில் மலையேறி, தலைவலி என்று சொல்லி அவளிடம் மாத்திரை வாங்கித் திரும்புவான். மனதில் இருப்பதைச் சொன்னபாடில்லை. அந்த வாரத்தோடு அவள் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போகிறாள். இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான்.

காலை ரயிலில் போடி. ஏலக்காய் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஜீப்பு கிடைத்தால் காலை நீட்டி உட்காரலாம், எங்களுக்குக் கிடைத்தது. போடிமெட்டுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு ஸ்டீபன், "அவகிட்ட எப்படிடா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான்.

"அண்ணே, மேல போறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கே தலை வலிக்குது" என்றார் டிரைவர்.

கிளப்பில் பியானோவைக் காணோம்! ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் மேஸ்திரி முத்தையா பெருமையோடு சொன்னார்: "பனியில பியானோ கட்டையெல்லாம் உப்பிப் போச்சுண்ணே, அமுக்குனா எந்திரிக்கல. அதான் ஸ்டோர்ல பச்சை ஏலக்காயோட சேத்து ராத்திரி பூரா சூட்டுல போட்டுட்டோம்."

ஈரம் என்றால் அந்த மலையில் அதுதான் வைத்தியம். கட்டைகள் உண்மையிலேயே இளகியிருந்தன. கிளப்புக்குத் தூக்கி வந்து மூடியைத் திறந்தால் பாயச வாசனை.

ஆறரைக்குப் படம். ரொட்டிக்கடைப் பெண்ணிடம் பேசத் துணிவில்லாமல், தினமும் ரொட்டி வாங்கியே வீட்டை நிரப்பும் ஒருவனின் கதை. அவன் ஓடினால் ஸ்டீபனின் விரல்களும் ஓடின. வழுக்கினால் விரல்களும் சர்ரென்று வழுக்கின. தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சூட்டில் உள்ளே பசை விட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையாகப் படுத்துக்கொண்டது. நாயகன் அந்தப் பெண்ணின் எதிரே வந்து நின்றபோது பியானோ அடியோடு ஓய்ந்தது.

அந்த அமைதியில் முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரையைப் பார்த்துக் கத்தினாள்: "வாயத் தொறந்து சொல்லுய்யா! அந்தப் புள்ள எம்புட்டு நேரம் நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபன் மட்டும் எழுந்து, ஓரமாக உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த லீலாவின் முன்னால் போய் நின்றான். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"



"இதுக்குத்தான் ரெண்டு வருசமா தலைவலியா?" என்றாள் லீலா.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மாலைப் பனிக்கு முன்பே மெட்டைத் தாண்டிவிடுங்கள். வளைவுகளில் தலை வலிக்கும், மாத்திரை அவசியம். ஸ்டீபன் வாங்கிச் சேர்த்ததை மட்டும் கேட்காதீர்கள்; ஒன்றுகூடப் பிரிக்காத அந்த டப்பாவை லீலா இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறாள்.