ஏறக்குறைய வாங்கிவிட்டார்

காலித் தண்ணீர்க் குப்பியைக் காதோரம் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குகிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், எதிர்க்கடையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருக்கிற எனக்கும் தெரியும். ஆனாலும் குலுக்குவார். பிறகு மூடியைத் திறந்து முகர்வார். பிறகு மூடியை மட்டும் தனியாக முகர்வார். "மூடியில ரப்பர் வாசனை இருக்கு, குப்பியில இல்ல. ரெண்டும் ஒரே இடத்துல வேலை பாத்ததுங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்பார். கடைக்காரர் விட்டத்தைப் பார்ப்பார்.

பட்டாளம் போதுமென்று கழித்துவிட்ட சாமான்களை விற்கிற கடை அது. கனத்த பூட்ஸ், மடக்கு மண்வெட்டி, திசைகாட்டி, விஷவாயு முகமூடி, நனைந்தாலும் எரிகிற தீக்குச்சி, தகர டப்பாவில் அடைத்த பிஸ்கட். உலகமே தலைகீழானால் உயிர் பிழைக்க வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும்; சாதாரண நாளில் ஒரு சட்டைப் பொத்தான் வேண்டுமென்றால் கிடைக்காது. கடைக்காரரைத் தெருவே மேஜர் என்று கூப்பிடுகிறது. பட்டாளத்தின் வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை. இதற்கு முன் அதே கடையில் விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். வாசலில் சீருடை மாட்டி நிறுத்தியிருக்கிற ஆளுயரப் பொம்மை அந்தக் காலத்து மிச்சம். தொப்பியும் பெல்ட்டும் எத்தனை மிடுக்காக இருந்தாலும், முகத்தில் பழைய கோமாளிச் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

குப்பியைக் குலுக்குகிறவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பரம சாது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வர்றாங்க சார், படுக்கறாங்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரளறாங்க, ஒருத்தர் குறட்டையே விட்டார். அப்புறம் எழுந்து, பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?" இதை அவர் என்னிடம் சொன்னபோது மேஜருடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மேஜருடைய வாளித் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே புகுகிறதா என்று சோதனை. புகவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எந்தச் சாமானையும் அவர் சும்மா ஒதுக்கியது கிடையாது. விசாரித்துத்தான் ஒதுக்குவார். மண்வெட்டியை மடக்கி விரித்து, விரித்து மடக்கி, கடைசியில், "நான் இருக்கறது மூணாவது மாடி. எங்க தோண்டறது? ரெண்டாவது மாடிக்காரன் சும்மா இருப்பானா?" என்றார். திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நாலு சுற்று வந்தார். "வடக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அங்க போய் என்ன பண்றது?" விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு தும்மியதை அவர் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை, பார்த்தவர்கள் என்ற முறையில்.

இப்படி ஒரு ஆளை வேறு கடையாக இருந்தால் வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். மேஜர் நாற்காலி போடுகிறார். காரணம் இருக்கிறது. மெத்தைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து ஆராயத் தொடங்கினால் நாலு பேர் சுற்றி நின்றுவிடுவார்கள். அவர் வாயில் பொய் வராது என்பது தெருவுக்கே தெரியும். "தையல் கெட்டி. வார் மட்டும் ஒரு மழைதான் தாங்கும்" என்பார். உடனே ஒருவர் அந்தப் பையை வாங்கிக்கொண்டு, வேறு வார் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்க வருவார். "அவர் வாங்கவே வேணாம் சார். வந்து நின்னாப் போதும்" என்று மேஜர் என் காதில் சொல்லியிருக்கிறார்.

மெத்தைக்காரர் எப்படி இந்தக் கடையில் வந்து மாட்டிக்கொண்டார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு பனிக்கால விடியற்காலையில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் தீ அபாய மணி அலறியிருக்கிறது. எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஒருவர் நகை, ஒருவர் பத்திரம், ஒரு அம்மாள் பூனை. தெருவில் வந்து நின்றபோது நம்மவர் கையில் டிவி ரிமோட் இருந்தது. தீ ஒன்றும் இல்லை, யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள். ஆனால் உள்ளே விடுகிற வரைக்கும் மனைவி மெல்லிய சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டுக்காரர் துண்டு ஒன்றை எடுத்து அந்த அம்மாள் தோளில் போட்டார். "அந்தத் துண்டு நான் போட்டிருக்கணும் சார்" என்று மெத்தைக்காரர் என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். குளிரை நினைத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

மனைவி அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டார். கண்ணாடிக்கு நம்பர் மாற்ற என் கடைக்கு வந்தவர், எதிரே புருஷன் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். "வெள்ளம் வந்தா, இவர் படகு வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தார். அதில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இத்தனை நாளில் அவர் வாங்கியது ஒரே ஒரு விசில். சின்னஞ்சிறு பித்தளை விசில், உள்ளே ஒரு குண்டு உருளும். கயிற்றில் கோத்துக் கழுத்தில், சட்டைக்குள் போட்டிருக்கிறார். அதை இதுவரை ஊதியதில்லை. "ஆபத்துக்குத்தான் சார் ஊதணும். சும்மா ஊதிட்டா நாளைக்கு நிஜமா ஊதும்போது எவன் வருவான்?" நியாயம்தான். ஆனால் ஒருநாள் மெத்தைக் கடையின் லிஃப்ட், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இவர், காசாளர், ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை. காசாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், கதவைக் குத்துகிறார். நம்மவர் விசிலைக் கையில் எடுத்து, இது ஆபத்தா, வெறும் தொந்தரவா என்று யோசித்துக்கொண்டே நின்றாராம். கதவைத் திறந்தபோதும் விசில் உதட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை தூரத்தில்தான் இருந்ததாம். காசாளர் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது படுக்கைப் பைக்கு வருகிறேன். உள்ளே நுழைந்து கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு படுக்கிற கனத்த பஞ்சுப் பை. மேஜரிடம் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. மெத்தைக்காரர் அதற்கு மட்டும் மயங்கிவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் கடை விட்டதும் நேரே வந்து அதைத் தடவுவார். பஞ்சை அழுத்திவிட்டு எழும்புகிற வேகத்தைப் பார்ப்பார். அது அவர் தொழில். "வீட்டம்மாவுக்குச் சரியா இருக்கும். மடிச்சுக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டா, மணி அடிச்சதும் எடுத்துக்கிட்டு இறங்கிடலாம்" என்பார். வாங்கிவிட வேண்டியதுதானே என்றால், "ஜிப்பு மட்டும் இன்னும் பாக்கலை" என்பார். அடுத்த வாரம் ஜிப்பைப் பார்ப்பார். அதற்கடுத்த வாரம் உள்துணி.

போன சனிக்கிழமை எங்கள் சந்துக்குள் ஒரு லாரி மூக்கை நுழைத்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே மேஜர் கடைக்குள் போனார். "ஸ்லீப்பிங் பேக் இருக்கா? மலைப் பக்கம் லோடு. ராத்திரி கேபின்ல படுத்தா பல்லு டைப் அடிக்குது."

மேஜர் மேல்தட்டுக்குக் கையை நீட்டினார். அதற்குள் கயிறு ஒன்றை முகர்ந்துகொண்டிருந்த மெத்தைக்காரர் பாய்ந்தார். அவர் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. பையைப் பிடுங்கித் தரையில் விரித்து, செருப்போடு உள்ளே நுழைந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டார். "நான் இன்னும் பாத்து முடிக்கலை" என்றது வெளியே தெரிந்த தலை.

நான் ஒரு வாடிக்கையாளரை ஒற்றைக் கண்ணாடியோடு உட்கார வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன். பின்னே, இதை விடுவதா?

"எவ்வளவு நாளாப் பாக்கறாரு?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"போன மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சாரும்மா" என்றார் மேஜர்.

ஓட்டுநர் தரையில் கிடந்த தலைக்கு அருகே குந்தி உட்கார்ந்தார். "சரிண்ணே. நீங்கதான் இவ்வளவு பாத்திருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க. நல்லா இருக்கா? வாங்கலாமா?"

உதவாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் எழுந்து போய்விடுவார், பை இவருக்குத்தான். மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். "கழுத்துக்கிட்ட கொஞ்சம்..." என்று தொடங்கினார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் வழிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இல்ல, நல்லா இருக்கும்மா. அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப நீங்க வாங்கிக்கிறீங்களா?"

"பாக்..." என்று சொல்லி நின்றார். அந்த வார்த்தை அவர் வாயில் பாதியில் நின்றதை அன்றுதான் கேட்டேன். "நீங்க எடுத்துக்குங்க. உங்களுக்கு இன்னைக்கு ராத்திரியே குளிரும். எனக்கு எப்பக் குளிரும்னு நான் இன்னும் முடிவு பண்ணலை."

பெரிய மனதுதான். ஆனால் வெளியே வர முடியவில்லை. ஜிப் உள்துணியைக் கடித்துக்கொண்டு அசைய மறுத்தது. மேஜர் இழுத்தார், நான் இழுத்தேன், "மெதுவா, ஜிப்பு பிஞ்சுடும், அவங்க சாமான்" என்று அவர் உள்ளேயிருந்து எங்களை அதட்டினார். வெளிச்சம் போதவில்லை என்று எழுந்து நின்று, தத்தித் தத்தி வாசலுக்கு வந்து, பொம்மைக்குப் பக்கத்தில் நின்றார். தெருவில் போன ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுவே நீலத்துல இருக்கா?" என்று மேஜரைக் கேட்டார். "இல்லீங்க, பச்சை மட்டும்தான்" என்றார் மெத்தைக்காரர். கேட்டவர் அலறிக்கொண்டு அடுத்த சந்துக்குள் ஓடிவிட்டார்.

ஓட்டுநர் லாரியிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து வந்து ஜிப்பில் தேய்த்தார். வழுக்கிக்கொண்டு திறந்தது. வெளியே வந்த மெத்தைக்காரர் அந்தப் பையைத் தானே உதறி, காற்றுப் போக அழுத்தி, இறுக்கச் சுருட்டிக் கொடுத்தார். "உள்ள இருந்து போடும்போது துணியைக் கடிக்குது. சோப்பு கூடவே வெச்சுக்குங்க" என்றார். குரல் சரியாக இருந்தது. கை மட்டும் சுருட்டிய பையை விட ஒரு கணம் யோசித்தது. இத்தனை சனிக்கிழமையும் அவர் தடவியது பஞ்சையல்ல, வீட்டு அம்மாளின் தோளை.

"புது லாட் வந்தாச் சொல்றேன் சார்" என்று மேஜர் ஆறுதலாகச் சொன்னார். "பாக்கலாம்" என்றார் மெத்தைக்காரர், முழு வார்த்தையையும்.

லாரி பின்னால் நகரத் தொடங்கியது. எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. வந்த வழியே பின்னால் போக வேண்டும். ஓட்டுநர் ஒரு பக்கக் கண்ணாடியில் என் கடைப் பலகையைப் பார்த்து ஒடித்தார். மறு பக்கத்தில் லாரியின் பின்பலகை, சீருடைக் கோமாளியை நோக்கி மெல்ல நகர்ந்தது. மேஜர் பயத்தில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். நான் 'ஏய் ஏய்' என்றேன், எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பொம்மை சிரித்துக்கொண்டே நின்றது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தெருவில் இருந்த நாய் உட்கார்ந்துவிட்டது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. துணிக்கடைக்காரர் கத்திரிக்கோலோடு வெளியே ஓடிவந்தார். என் ஒற்றைக் கண்ணாடி ஆசாமியும் வந்துவிட்டார். லாரி, பொம்மையின் மூக்குக்கு நேரே ஒரு சாண் தள்ளி நின்றது. நடுத்தெருவில் மெத்தைக்காரர் கன்னம் உப்பி, முகம் சிவந்து, விசில் வாயோடு நின்றார்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். மெத்தைக்காரர் விசிலை எடுக்கவில்லை. இடது கையை ஆட்டி ஒரு ஊதல், வலது கையை ஆட்டி ஒரு ஊதல். லாரியைச் சந்துக்குள்ளிருந்து பெரிய தெருவரைக்கும் ஊதியே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திரும்பி வந்து மேஜர் முன்னால் நின்றார். "அடுத்த லாட் எப்ப வந்தாலும் சரி, ஒரு பை எடுத்து வெச்சிடுங்க" என்றார் மூச்சு வாங்க. "வீட்டம்மாவுக்கு. நான் பாக்க வேண்டியதில்ல."

மேஜர் பதில் சொல்லுமுன் மெத்தைக்காரர் விசிலின் எச்சிலைச் சட்டை நுனியால் துடைத்தார். காதோரம் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். குண்டு உருளுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, சட்டைக்குள் போட்டு மேல்பொத்தானை மாட்டிக்கொண்டார்.